‘யெஸ் மினிஸ்டர்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பழசான ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரை இன்னும் ஏன் இவ்வளவு பேர் தேடிப் பார்க்கிறார்கள்? புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு, அந்தத் தொடரைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒருவர் தரும் பதில்கள் இவை.

இது என்ன தொடர்? எப்போது வந்தது?

1980 பிப்ரவரி 25 அன்று பிபிசி 2-இல் தொடங்கியது. எழுதியவர்கள் ஆண்டனி ஜே, ஜோனாதன் லின் இருவர். 1982 வரை மூன்று சீசன்கள், சீசனுக்கு ஏழு எபிசோடுகள். 1984 டிசம்பரில் ஒரு மணி நேரச் சிறப்பு எபிசோடு வந்தது; அதன் முடிவில் நம் அமைச்சர் பிரதமராகிவிடுகிறார். அதனால் தொடரின் பெயரும் ‘யெஸ், பிரைம் மினிஸ்டர்’ என்று மாறி, 1986 முதல் 1988 ஜனவரி வரை இன்னும் இரண்டு சீசன்கள் ஓடியது. மொத்தம் 38 எபிசோடுகள். சிறப்பு எபிசோடைத் தவிர மற்றதெல்லாம் அரை மணி நேரம்தான்.

தொடக்கத்தில் ஓடும் கேலிச்சித்திரங்கள் ஜெரால்டு ஸ்கார்ஃப் வரைந்தவை. கூடவே வரும் இசை பிக் பென் மணியோசையை வைத்து ரோனி ஹேசல்ஹர்ஸ்ட் அமைத்தது.

கதை என்ன?

தேர்தலில் ஜெயித்து ஜிம் ஹேக்கர் அமைச்சராகிறார். அவருக்குக் கிடைப்பது நிர்வாக விவகாரங்கள் துறை. நிஜத்தில் அப்படி ஒரு துறை கிடையாது, கதைக்காக உண்டாக்கியது. அந்தத் துறையின் நிரந்தரச் செயலாளர் சர் ஹம்ப்ரி ஆப்பிள்பி. ஹேக்கருக்கு எதையாவது மாற்ற வேண்டும், குறைந்தபட்சம் மாற்றியதாகப் பேப்பரில் பெயர் வர வேண்டும். ஹம்ப்ரிக்கு எதுவும் மாறக் கூடாது. இருவருக்கும் நடுவில் அமைச்சரின் தனிச் செயலர் பெர்னார்டு உல்லி.

முப்பத்தெட்டு எபிசோடுகளிலும் கதை இவ்வளவுதான். அடிதடி இல்லை, துரத்தல் இல்லை. நாடாளுமன்றத்தைக்கூட அநேகமாகக் காட்டுவதே இல்லை. ஓர் அறை, ஒரு மேஜை, கையில் ஒரு ஃபைல், மூன்று பேர் பேச்சு. பெரும்பாலான எபிசோடுகளின் கடைசி வசனம் ஹம்ப்ரி சொல்லும் ‘யெஸ், மினிஸ்டர்’ தான். அன்று யார் ஜெயித்தார்கள் என்பதைப் பொறுத்து அதே சொல் சரணாகதியாகவும் ஒலிக்கும், வெற்றி முழக்கமாகவும் ஒலிக்கும். அந்தக் கடைசி நொடியில் ஹம்ப்ரியின் முகத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

பிரிட்டன் அரசியல் எதுவும் தெரியாமல் பார்த்தால் புரியுமா?

தாராளமாகப் புரியும். ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். பிரிட்டனில் ஆட்சி மாறினால் அமைச்சர்கள் மாறுவார்கள். துறைச் செயலாளரும் அவருக்குக் கீழே உள்ள அதிகாரிகளும் மாற மாட்டார்கள். அமைச்சர் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தால் பெரிது. செயலாளர் முப்பது ஆண்டு சர்வீஸ் போட்டவர். யாருக்கு எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரியும்? விளையாட்டு அங்கே தொடங்குகிறது.

நம் ஊர் வாசகருக்கு இது அந்நியமாகவே தோன்றாது. ஐ.ஏ.எஸ். முறையின் வேர் இதே மரத்தில்தான் இருக்கிறது. பரிந்துரை பிடித்து வேலைக்குச் சேராமல் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும், ஆட்சி மாறினாலும் அதிகாரி நிலைத்து இருக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1854-இல் ஓர் அறிக்கை சொன்னது. அதை எழுதியவர்கள் ஸ்டாஃபோர்டு நார்த்கோட், சார்லஸ் டிரெவெலியன். இந்த டிரெவெலியன் 1859-இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார். சென்ட்ரல் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் முயற்சியில் உருவானது. அடுத்த ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார். காரணம்தான் சுவாரசியம். கல்கத்தாவில் இருந்த மத்திய அரசு கொண்டுவந்த புதிய வரித் திட்டத்தை எதிர்த்துத் தாம் எழுதிய குறிப்பை அவர் வெளிப்படையாகப் பிரசுரித்துவிட்டார். வாய் மூடி, பின்னால் நின்று வேலை பார்க்கும் அதிகாரி வர்க்கத்துக்கு அடித்தளம் போட்டவர் வாயைத் திறந்ததால் பதவி இழந்தார். சர் ஹம்ப்ரி அந்தத் தவறை ஒருநாளும் செய்திருக்க மாட்டார்.

ஹம்ப்ரி வில்லனா?

முதல் சில எபிசோடுகளில் அப்படித்தான் தோன்றும். போகப் போக மாறும். என் கணக்கில் இந்தத் தொடரின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஹம்ப்ரி லஞ்சம் வாங்குகிறவர் இல்லை. சோம்பேறி இல்லை. முட்டாள் இல்லவே இல்லை. அரசு என்பது நிலையாக ஓட வேண்டும், ஒவ்வொரு நான்கு ஆண்டுக்கும் ஒருவர் வந்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி கவிழும் என்று மனதார நம்புகிறார். கூடவே தன் துறையின் ஆள்பலம், பட்ஜெட், தன் சர் பட்டம், ஓய்வுக்குப் பிறகு ஏதாவது ஒரு வங்கியில் இயக்குநர் நாற்காலி எல்லாவற்றையும் அதே அளவுக்கு நம்புகிறார். நாட்டின் நலனும் தன் நலனும் அவர் மனதில் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கின்றன. எது எங்கே முடிகிறது என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

‘த விஸ்கி பிரீஸ்ட்’ என்ற எபிசோடு இதை நேருக்கு நேர் எடுத்துக்கொள்கிறது. பிரிட்டனில் செய்த வெடிகுண்டுக் கருவிகள் இத்தாலியில் பயங்கரவாதிகள் கைக்குப் போகின்றன என்று ஹேக்கருக்குத் தகவல் வருகிறது. அவர் பதறுகிறார். ஹம்ப்ரி பதறவில்லை. அமைச்சருக்கு வேண்டுமானால் அறம் பற்றிக் கவலை இருக்கலாம், அரசாங்கம் நடத்துவது வேறு வேலை என்கிறார். அப்புறம் பெர்னார்டு தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: அப்படியானால் உங்களுக்கு எதிலுமே நம்பிக்கை இல்லையா? ஹம்ப்ரி அமைதியாக விளக்குகிறார். முப்பது ஆண்டில் பதினோரு அரசுகளுக்கு வேலை பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றின் கொள்கையையும் உள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தால், ஐரோப்பியச் சந்தையில் சேரவே கூடாது என்றும் சேர்ந்தே தீர வேண்டும் என்றும் துடித்திருக்க வேண்டும். எஃகு ஆலைகளை அரசுடைமையாக்குவதும் சரி, தனியாரிடம் திருப்பித் தருவதும் சரி, மறுபடி அரசுடைமையாக்குவதும் சரி என்று வாதாடியிருக்க வேண்டும். தூக்குத்தண்டனை வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் நின்றிருக்க வேண்டும். கடைசியில் புத்தி பேதலித்திருக்கும்.

சிரித்துவிட்டு யோசித்தால் இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். நடுநிலையான அதிகாரி வேண்டும் என்று நாம்தான் கேட்கிறோம். நம்பிக்கையே இல்லாத அதிகாரி என்று அதே ஆளைத் திட்டுவதும் நாம்தான். அந்தக் காட்சியை எழுதியவர்கள் எந்தப் பக்கமும் சாயாமல் விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் ஹேக்கர் நல்லவரா? இல்லை, முட்டாளா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். நல்லது செய்யத்தான் வருகிறார். ஆனால் அடுத்த தேர்தலும் அடுத்த நாள் தலைப்புச் செய்தியும் அவரைப் பிடித்து ஆட்டுகின்றன. ‘த கிரீஸி போல்’ எபிசோடில் ஒரு ரசாயன ஆலை விவகாரம் வரும். பொருள் ஆபத்தில்லாதது என்று அறிவியல் அறிக்கை சொல்கிறது, ஆலை வந்தால் வேலைவாய்ப்பு வரும், ஹம்ப்ரி ஆலை வேண்டும் என்கிறார். பெயரைக் கேட்டே மக்கள் பயப்படுகிறார்கள். ஹேக்கர் மக்களின் பயத்தோடு நின்று, அறிக்கையின் கூர்மையை மழுங்கடித்துக் கைத்தட்டல் வாங்குகிறார். அன்று நியாயம் ஹம்ப்ரி பக்கம். இப்படி அடிக்கடி நடக்கும். எப்போது யார் பக்கம் சேருவது என்று பார்க்கிறவருக்கு நிச்சயமே இருக்காது.

பால் எடிங்டன் நடிப்பையும் சொல்ல வேண்டும். பெரிய எண்ணம் எதுவும் தோன்றினால் ஹேக்கர் உடனே சர்ச்சிலாகிவிடுவார். கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, எங்கோ தூரத்தைப் பார்ப்பார். அடுத்த நிமிடம் ஹம்ப்ரி ஒரு வார்த்தை சொன்னதும் அந்த முகம் காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கும். ஹம்ப்ரியாக நடித்த நைஜல் ஹாதோர்னுக்கு இந்த வேடத்துக்காக நான்கு முறை பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டா கிடைத்தது. ஒவ்வொரு முறையும் எடிங்டனும் பரிந்துரைப் பட்டியலில் இருந்தார். ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. எனக்கு இது இன்றும் ஆறவில்லை. நீளமான வசனம் பேசுகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். அதைக் கேட்டுப் புரியாமல் விழித்து, புரிந்த மாதிரி காட்டிக்கொண்டு, பாதி புரிந்து பயந்துபோகும் முகம் எதிரே இல்லை என்றால் அந்த வசனத்துக்குச் சிரிப்பு ஏது?

பெர்னார்டு எதற்கு?

நாம் உள்ளே நுழைவதற்கு. அமைச்சருக்கு வேலை பார்க்கிறார், ஆனால் அவருடைய பதவி உயர்வு ஹம்ப்ரி கையில். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்றே முழுத் தொடரும் ஓட்டுகிறார். டெரக் ஃபௌல்ட்ஸ் அந்த வேடத்தை மிகையே இல்லாமல் செய்திருப்பார். ஹம்ப்ரி அவருக்குப் பாடம் எடுக்கும் காட்சிகள் எல்லாம் உண்மையில் நமக்கு எடுக்கும் பாடங்கள்.

எந்தக் கட்சியைக் கிண்டல் செய்கிறது?

ஹேக்கர் எந்தக் கட்சி என்று கடைசி வரை சொல்லவே மாட்டார்கள். முதல் எபிசோடில் தேர்தல் முடிவு வரும்போது அவர் சட்டையில் குத்தியிருக்கும் ரிப்பன் வெள்ளை நிறம். பிரிட்டனின் பெரிய கட்சிகள் எதற்கும் அந்த நிறம் இல்லை. முன்னோட்டமாக எடுத்த எபிசோடை 1979 பொதுத் தேர்தல் முடியும்வரை பிபிசி வெளியிடாமல் வைத்திருந்தது. அவ்வளவு எச்சரிக்கை.

இதனால் தொடருக்கு ஆயுள் கூடிவிட்டது. ஆளைக் கிண்டல் செய்திருந்தால் அந்த ஆள் போனதும் நகைச்சுவையும் போயிருக்கும். இவர்கள் நாற்காலியைக் கிண்டல் செய்தார்கள். நாற்காலி இன்னும் அங்கேயே இருக்கிறது.

‘பிக் பிரதர்’ எபிசோடில் இதற்கு ஓர் அழகான சாட்சி உண்டு. குடிமக்களின் விவரங்களை எல்லாம் ஒரே கணினியில் சேர்க்கும் திட்டத்தில், தனிமனிதருக்குப் பாதுகாப்பு வைக்க வேண்டும் என்று ஹேக்கர் நினைக்கிறார். எதுவும் நகரவில்லை. அதே துறையில் முன்பு அமைச்சராக இருந்த எதிர்க்கட்சிக்காரரிடம் பேசுகிறார். அவர் சிரித்துக்கொண்டே, அதிகாரிகள் தள்ளிப்போடும் விதத்தைப் படிப்படியாகச் சொல்கிறார். முதலில், ‘இப்போதுதானே ஆட்சிக்கு வந்திருக்கிறோம், வேறு வேலைகள் நிறைய’ என்பார்கள். அடுத்து, ‘செய்ய வேண்டியதுதான், ஆனால் இந்த வழிதானா?’ அப்புறம், ‘வழி சரி, நேரம் சரியில்லை.’ அதுவும் தீர்ந்தால், ‘சட்டச் சிக்கல், தொழில்நுட்பச் சிக்கல்.’ கடைசியில் தேர்தலே வந்துவிடும். எதிர்க்கட்சிக்காரரும் ஆளுங்கட்சிக்காரரும் ஒரே பக்கம், அதிகாரிகள் இன்னொரு பக்கம் என்று அன்று ஹேக்கருக்கு உறைக்கிறது. அந்த எபிசோடில் அவர் ஜெயிக்கவும் செய்கிறார். டிவி பேட்டியில் தேதியோடு அறிவித்துவிட்டு, அந்தப் பெருமையெல்லாம் சர் ஹம்ப்ரிக்கே என்று சொல்லி அவரைத் தப்ப முடியாமல் மாட்டிவிடுகிறார். பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

காலி மருத்துவமனைக் கதை என்று சொல்கிறார்களே, அது என்ன?

‘த கம்பாஷனேட் சொசைட்டி’ எபிசோடு. செயின்ட் எட்வர்ட்ஸ் என்ற புத்தம் புதிய மருத்துவமனை. கட்டி முடித்துப் பதினைந்து மாதம் ஆகிறது. நிர்வாக ஊழியர், உதவி ஊழியர் என்று ஐந்நூறு பேர் வேலை பார்க்கிறார்கள். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, நோயாளி ஒருவர்கூட இல்லை. செலவைக் குறைக்கச் சொன்னார்கள், அதனால் மருத்துவர் நியமனம் தள்ளிப்போய்விட்டது.

ஹேக்கர் நேரில் போய்ப் பார்க்கிறார். நிர்வாகி அம்மா அவரைப் பெருமையோடு சுற்றிக் காட்டுகிறார். பளபளவென்று அறுவைசிகிச்சை அரங்கு. யாருமே தொடாத கருவிகள். இதெல்லாம் பயன்படாமல் கிடப்பது உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா என்று ஹேக்கர் கேட்கிறார். ஒருவிதத்தில் நல்லதுதானே, கருவிகள் அதிக நாள் உழைக்கும், பராமரிப்புச் செலவும் மிச்சம் என்கிறார் அந்த அம்மா. நாட்டிலேயே சிறப்பாக நடக்கும் மருத்துவமனைகளில் இதுவும் ஒன்றாம். சுகாதாரத்துக்கான ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விருதுக்கும் போட்டியில் இருக்கிறதாம்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை. தன் வேலையை ஒழுங்காக, அக்கறையாகச் செய்கிறார். அவருக்குக் கொடுத்த படிவங்களில் ‘நோயாளி குணமானாரா?’ என்ற கட்டம் இல்லை. சுத்தம், செலவு, ஊழியர் வருகை என்ற கட்டங்கள் இருக்கின்றன. எல்லாக் கட்டத்திலும் முழு மதிப்பெண். ஓர் அமைப்பு எதை அளக்கிறதோ அதுவாகவே ஆகிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நிர்வாகவியல் வகுப்பும் சொல்லித் தந்துவிடாது. கட்டடம் திறந்தும் ஆள் நியமிக்காத ஆரம்ப சுகாதார நிலையத்தையோ, ஆசிரியரே வராத பள்ளியையோ பார்த்த நம் மக்களுக்கு அந்தச் சிரிப்பு தொண்டையில் ஒரு நொடி நிற்கும்.

கருத்துக்கணிப்புக் காட்சி?

‘த மினிஸ்டீரியல் பிராட்காஸ்ட்’ எபிசோடில் வருவது. மொத்தமே இரண்டு நிமிடம்தான். பிரதமரான ஹேக்கர் கட்டாய ராணுவ சேவையைத் திரும்பக் கொண்டுவர நினைக்கிறார். மக்களும் ஆதரிப்பதாகக் கருத்துக்கணிப்பு வந்திருக்கிறது. அப்படியானால் மக்கள் எதிர்ப்பதாக இன்னொரு கணிப்பு எடுத்துவிடு என்கிறார் ஹம்ப்ரி. அது எப்படி முடியும் என்று பெர்னார்டு விழிக்கிறார்.

ஹம்ப்ரி அவரையே பொதுஜனமாக உட்கார வைத்துக் கேட்கிறார். வேலையில்லாத இளைஞர்கள் பற்றிக் கவலைப்படுகிறீர்களா? ஆமாம். சிறுவர்களிடையே குற்றம் பெருகுவது பற்றி? ஆமாம். பள்ளிகளில் ஒழுங்கு குறைந்துவிட்டது இல்லையா? ஆமாம். இளைஞர்களுக்கு வழிகாட்ட ஆள் தேவை, சவால் கொடுத்தால் எழுந்து நிற்பார்கள், சரிதானே? ஆமாம். அப்படியானால் கட்டாய ராணுவ சேவையை ஆதரிப்பீர்களா? ஆமாம் என்று சொல்வதைத் தவிர பெர்னார்டுக்கு வழியில்லை.

உடனே அடுத்த சுற்று. போர் அபாயம் பற்றிக் கவலையா? ஆமாம். ஆயுதங்கள் பெருகுவது பற்றி? ஆமாம். பிள்ளைகள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் கொல்லக் கற்றுத்தருவது ஆபத்தில்லையா? ஆமாம். விருப்பமில்லாதவரை ஆயுதம் ஏந்தச் சொல்வது தவறுதானே? ஆமாம். அப்படியானால் கட்டாய சேவையை எதிர்ப்பீர்களா? அதற்கும் ஆமாம்.

ஒரே மனிதர், இரண்டு நிமிடத்தில் இரண்டு எதிரெதிர் பதில்கள், இரண்டும் நேர்மையானவை. கணிப்பு எடுக்கும் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் இந்தக் காட்சியை எடுத்துக்காட்டுகிறார்கள். 2024-இல் இப்சோஸ் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அதே கேள்வி வரிசைகளை நிஜ மக்களிடம் கேட்டுச் சோதித்தது. வரிசை மாறினால் ஆதரவும் மாறத்தான் செய்தது. தேர்தல் காலத்தில் யாராவது ஒரு கணிப்பை அனுப்பிவைத்தால், கடைசிக் கேள்வியோடு நிற்காமல் அதற்கு முன்னால் என்னென்ன கேட்டார்கள் என்று தேடும் பழக்கம் எனக்கு இங்கிருந்துதான் வந்தது.

ஹம்ப்ரி பேசுவது ஒன்றுமே புரியவில்லை. என்ன செய்வது?

புரியக் கூடாது என்றுதான் அவர் அப்படிப் பேசுகிறார். ஹேக்கருக்கும் புரியாது. ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொண்டு பாருங்கள். தேவைப்பட்டால் நிறுத்தி ஒருமுறை படியுங்கள். அந்த நீண்ட வாக்கியங்கள் உளறல் இல்லை, இலக்கணம் ஒரு இடத்திலும் பிசகாது. ஹாதோர்ன் அவற்றை ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் முன்னிலையில் மூச்சு விடாமல் பேசுவார். முடித்ததும் கைத்தட்டல் தானாக எழும்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். ‘த ஸ்கெலிட்டன் இன் த கபர்டு’ எபிசோடில் பழைய தவறு ஒன்று வெளிவருகிறது. முப்பது ஆண்டு முன்பு ஒரு ஸ்காட்லாந்து தீவில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ராணுவத் தளம் கட்டினார்கள். குத்தகை முடிந்தால் கட்டியதெல்லாம் நிலத்துக்காரருக்கே போய்விடும் என்ற நிபந்தனையை அன்றைய இளம் அதிகாரி ஒருவர் கவனிக்கவில்லை. நஷ்டம் நான்கு கோடி பவுண்டு. அந்த அதிகாரி யார் என்று ஹேக்கர் குடைய, ஹம்ப்ரி வியர்த்துப்போய் ஒரு வாக்கியத்தைத் தொடங்குகிறார். அது வளைந்து, சுற்றி, எங்கெங்கோ போகிறது. நான்தான் என்ற சொல்லைச் சொல்லாமலே நான்தான் என்று சொல்லிவிடப் பார்க்கிறார். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்தச் சொல் வெளியே வரும்போது குரல் கம்மிவிடுகிறது. எப்போதும் மறைப்பதற்காகக் கட்டிய மொழிக்கோட்டைக்குள் அன்று அவரே மாட்டிக்கொள்கிறார்.

அதே எபிசோடில் சங்கடமான ஃபைல்களை என்ன செய்வது என்றும் வரும். காணாமல்போன காகிதங்களுக்கு ஒரு பட்டியல்: சில 1967 வெள்ளத்தில் போயின, சில அலுவலகம் இடம் மாறியபோது தொலைந்தன, இன்னும் சில நட்பு நாடுகளுக்குத் தர்மசங்கடம் என்று எடுக்கப்பட்டன. 1967 குளிர்காலம் அவ்வளவு மோசமா என்று ஹேக்கர் கேட்கிறார். இல்லை, அருமையான குளிர்காலம், எத்தனையோ ஃபைல்கள் தொலைந்தன என்கிறார் ஹம்ப்ரி.

இதெல்லாம் உண்மையில் நடந்ததா?

நிறைய. தொடருக்கான பொறியே ஒரு நிஜ சம்பவம் என்று ஆண்டனி ஜே சொல்லியிருக்கிறார். டிமத்தி எவன்ஸ் என்பவர் கொலைக் குற்றத்துக்காக 1950-இல் தூக்கிலிடப்பட்டார். அந்த வழக்கை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று எதிர்க்கட்சியில் இருந்தபோது குரல் கொடுத்தவர் ஃபிராங்க் சாஸ்கிஸ். பிறகு அவரே உள்துறை அமைச்சரானார். அதே கோரிக்கை அவர் மேஜைக்கு வந்தது, மறுத்துவிட்டார். ஒரு மனிதர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் எப்படி இப்படி மாறுகிறார், உள்ளே யார் அவரிடம் என்ன பேசியிருப்பார்கள் என்ற கேள்வி ஜேயை விடவில்லை. எவன்ஸுக்கு 1966-இல் இறந்தபின் மன்னிப்பு வழங்கப்பட்டது. நகைச்சுவைத் தொடரின் அடியில் இப்படி ஒரு துயரம் கிடக்கிறது என்று தெரிந்தபின், ஹேக்கர் தன் முதல் நாள் உற்சாகத்தை இழக்கும் காட்சிகளை நான் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன்.

அமைச்சராக இருந்த ரிச்சர்டு கிராஸ்மனின் நாட்குறிப்புகள் இன்னொரு ஊற்று. பிரதமர் அலுவலகத்தில் வேலை பார்த்த மார்சியா வில்லியம்ஸ், பெர்னார்டு டோனஹியூ போன்றவர்கள் உள்ளே நடப்பதை எழுத்தாளர்களுக்குச் சொன்னார்கள்.

மார்கரெட் தாட்சர் இதில் நடித்தார் என்பது நிஜமா?

தொடரில் இல்லை, ஒரு விருது விழா மேடையில். 1984 ஜனவரியில் எடிங்டன், ஹாதோர்ன் இருவரோடும் சேர்ந்து பிரதமரே ஒரு குட்டி நாடகம் போட்டார். பொருளாதார நிபுணர்களை எல்லாம் ஒழித்துவிடலாமா என்பது அதன் கரு. நடிகர்கள் இருவருக்கும் அதில் விருப்பமில்லை. விருதைப் பெற்றுக்கொண்ட ஜோனாதன் லின், நகைச்சுவைத் தொடர் உலகில் தமக்குரிய இடத்தைப் பிடித்ததற்காகப் பிரதமருக்கு நன்றி சொன்னார். அரங்கமே சிரித்தது, தாட்சர் சிரிக்கவில்லை.

தன்னைக் கேலி செய்யும் தொடரை அதிகாரத்தில் இருப்பவர் ரசித்தார் என்றால் கேலிக்குக் கூர்மை போதவில்லையோ என்று சிலர் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியை நான் ஒதுக்கிவிட மாட்டேன். அடுத்த பதிலிலும் அதுதான் வருகிறது.

குறைகள் இல்லையா?

உண்டு. பெண்களுக்கு வேடம் குறைவு. ஹேக்கரின் மனைவி ஆனி, பிறகு பிரதமரின் அரசியல் ஆலோசகர் டாரதி வெயின்ரைட் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ‘ஈக்வல் ஆப்பர்ச்சுனிட்டீஸ்’ எபிசோடில் இதையே கதையாக்கினார்கள். உயர் பதவிகளில் கால்பங்கு பெண்களுக்கு என்று ஹேக்கர் சொன்னதும், எல்லாத் துறைச் செயலாளர்களும் கொள்கை அளவில் ஆதரிக்கிறார்கள். தங்கள் துறைக்கு மட்டும் அது ஏன் சரிப்படாது என்று ஒவ்வொருவரும் விளக்குகிறார்கள். அந்தக் காட்சி பிரமாதம். கற்பனையான வளைகுடா நாடு, கற்பனையான ஆப்பிரிக்க நாடு வரும் எபிசோடுகளில் அந்த நாட்டுக்காரர்களைக் காட்டும் விதம் இன்று நெருடும்.

இன்னொரு குறை கனமானது. அதிகாரிகள் தங்கள் நலனுக்காகத்தான் எல்லாம் செய்கிறார்கள் என்ற பொருளாதாரச் சிந்தனையில் ஜேக்கு ஈடுபாடு இருந்தது. தொடர் முழுக்க அந்த வாடை அடிக்கிறது. அரசு எதைத் தொட்டாலும் வீண் என்ற எண்ணத்தை அந்தக் காலத்து மக்கள் மனதில் இந்தத் தொடர் விதைத்தது என்று விமர்சிக்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. ஒழுங்காக ஓய்வூதியம் போட்டுத்தரும் குமாஸ்தாவையும், வெள்ளத்தில் இரவெல்லாம் நின்று வேலை பார்க்கும் அதிகாரியையும் இந்தத் தொடரில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

‘யெஸ் மினிஸ்டர்’, ‘யெஸ், பிரைம் மினிஸ்டர்’, எது சிறந்தது?

என் ஓட்டு முதலாவதற்கு. துறை அமைச்சருக்கு மேலேயும் பயம் உண்டு, கீழேயும் பயம் உண்டு. பிரதமரான பிறகு கதைகள் பெரிதாகின்றன, பயம் கொஞ்சம் குறைகிறது. ஆனால் ‘த கீ’ மாதிரி எபிசோடுகள் இரண்டாவதில்தான் இருக்கின்றன. பிரதமர் இல்லத்துக்குப் போகும் கதவின் சாவியை ஹம்ப்ரியிடமிருந்து பிடுங்கிவிடுகிறார்கள். ஒரு சாவிக்காக அந்தப் பெரிய மனிதர் படும் பாடு!

வேறு வடிவங்கள் உண்டா?

பிபிசியின் அனுமதியோடு 2001-இல் இந்தியில் ‘ஜீ மந்திரிஜி’ என்று ஸ்டார் பிளஸில் வந்தது. ஃபரூக் ஷேக் அமைச்சர், ஜெயந்த் கிருபளானி செயலாளர். ஃபரூக் ஷேக்கின் அப்பாவித்தனம் அந்த வேடத்துக்கு நன்றாகப் பொருந்தியது. 2010-இல் மூல எழுத்தாளர்களே மேடை நாடகமாக்கினார்கள். 2013-இல் புதிய நடிகர்களோடு தொடரை மறுபடி எடுத்தார்கள். பழையதற்குப் பக்கத்தில் நிற்கவில்லை. ஹேக்கரின் நாட்குறிப்பு என்ற பாவனையில் வந்த புத்தகங்கள் அருமையாக இருக்கும். ஹேக்கர் எழுதும் பதிவுக்கும் ஹம்ப்ரியின் குறிப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் திரையில் இல்லாத நகைச்சுவை கிடைக்கிறது.

எங்கே தொடங்கலாம்?

வரிசையாகப் பார்க்கப் பொறுமை இருந்தால் முதல் எபிசோடான ‘ஓப்பன் கவர்ன்மென்ட்’. ஒன்றே ஒன்று பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றால் ‘த கம்பாஷனேட் சொசைட்டி’. அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் என்றால் ‘பிக் பிரதர்’. தேர்தல் பைத்தியம் உள்ளவர் என்றால் நேராக 1984 சிறப்பு எபிசோடான ‘பார்ட்டி கேம்ஸ்’. ஐரோப்பிய விதிகளின்படி பிரிட்டிஷ் சாஸேஜுக்கு அந்தப் பெயரே இருக்கக் கூடாதாம் என்று கிளப்பிவிட்டு, அந்த ஒரு சாஸேஜை வைத்தே ஹேக்கர் பிரதமராகிறார். எதில் தொடங்கினாலும் சரி, ‘த விஸ்கி பிரீஸ்ட்’டை மட்டும் பத்துப் பதினைந்து எபிசோடு பார்த்த பிறகு பாருங்கள். அந்த மூன்று பேரும் பழகிய முகங்களான பிறகுதான் அது முழுதாகப் பிடிபடும்.